13 வருடம் கழித்து மறுபடி குதிரையேறிய கதை

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் என்கிற கௌபாய் வீடியோ கேமை முதல்முறை முடித்தது 2011-இல். பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) என்னுடையது அல்ல, அறைத்தோழனுடையது. அவன் இரவு ஷிஃப்ட் போனால்தான் எனக்குக் கிடைக்கும். அதனால் எப்போதும் அவசரம். குறுக்கு வழி இருந்தால் அதில்தான் போவேன். 2024-இல் பிஎஸ்5 வாங்கியதும் அதே கேமை மறுபடி இறக்கினேன். 2023 ஆகஸ்டில் பிஎஸ்4-க்கு வந்த பதிப்புதான். பிஎஸ்5-இல் போட்டால் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடுகிறது. கதையின் முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2010-இல் வந்த கேம், ஆகவே மன்னிக்கவும்.

படம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: பிஎஸ்3-இல் படத்தின் தெளிவு 720பி கூடக் கிடையாது, 640பிதான். தூரத்துக் கள்ளிச்செடிகளின் ஓரமெல்லாம் பொரிந்துகொண்டே இருக்கும். இப்போது 4கே; கேமில் வரும் நியூ ஆஸ்டின் பாலைவனம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. மனிதர் முகங்கள் மட்டும் பழைய மெழுகுதான். அரை மணி நேரத்தில் அதுவும் பழகிவிட்டது.

பழகாதது கை. 2018-இல் வந்த இரண்டாம் பாகத்தை நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடியவன் நான். அதில் ஒருவரைப் பார்த்து வணக்கம் சொல்ல முதலில் எல்2 பட்டனை அழுத்த வேண்டும். இதில் எல்2 என்றால் துப்பாக்கி. அர்மடில்லோ என்கிற ஊரின் தெருவில் எதிரே வந்த ஒரு பெரியவருக்கு மரியாதையாக ஒரு ஹலோ சொல்லப் போனேன். கேமின் நாயகன் ஜான் மார்ஸ்டன் துப்பாக்கியை உருவி அவர் நெற்றிக்கு நேரே நீட்டினான். அவரும் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவில் மூன்று பிணம், என் தலைக்கு ஒரு விலை. இதேபோல் நான்கு முறை. அப்புறம் குதிரையை விரட்ட எக்ஸ் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் மறந்திருந்தது. அதிகம் தட்டினால் குதிரை கோபித்துக்கொண்டு கீழே தள்ளிவிடும். 22 வயதுக் கட்டைவிரலுக்கு வலித்த ஞாபகம் இல்லை, இப்போது வலித்தது.

வழியில் எதிர்ப்படுகிற ஆட்கள்தான் இந்த கேமின் உயிர். வண்டி பக்கத்தில் நின்று ஒரு பெண் உதவி கேட்டுக் கத்துவாள். அது வலை. கிட்டே போனால் பின்னாலிருந்து ஆட்கள் வருவார்கள். அது தெரிந்தும் நான் குதிரையை நிறுத்தினேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சுடப்பட்டேன், சரி.

மலைச்சிங்கம் இன்னும் அதே மாதிரிதான். உறுமல் காதில் விழுவதற்குள் குதிரை கீழே கிடக்கும், அடுத்தது நாம். இந்த முறை நான் தப்பித்தேன், குதிரை போய்விட்டது. செத்த குதிரை பக்கத்தில் நின்றால் தோலை உரிக்கச் சொல்லித் திரையில் பட்டன் வரும். 2011-இல் யோசிக்காமல் அழுத்தி, தோலைக் கடையில் விற்றுத் தோட்டா வாங்கினேன். இப்போது அந்தப் பட்டனைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு நடந்தே கிளம்பினேன். பாலைவனத்தில் நடப்பது எவ்வளவு அலுப்பு என்று அன்றுதான் தெரிந்தது.

ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்குள் நுழைந்ததும் பாடகர் ஹோசே கொன்சாலஸின் குரல் ஒலிக்கும். அந்த இடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நானும் சிலிர்த்தேன், அவ்வளவுதான்.

நான் சொல்ல நினைத்தது கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட அந்த ஆளைப் பற்றி. கதையில் மூன்று இடத்தில் வருவான், பெயர் சொல்ல மாட்டான். ஜானின் பழைய பாவங்களெல்லாம் அவனுக்குத் தெரியும். மூன்றாவது முறை ஜானின் பீச்சர்ஸ் ஹோப் பண்ணைக்கு மேலே ஒரு மேட்டில் நிற்பான். 'நல்ல இடம்' என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு நடப்பான். ஜான் அவன் முதுகில் சுட்டும் ஒரு குண்டும் படாது. முதல்முறை ஆடியபோது இந்த ஆள் பேய் என்று சிரித்துவிட்டு நகர்ந்தேன். இப்போது அந்த மேட்டில் யார் புதைக்கப்படப் போகிறார்கள் என்று தெரியும். குண்டு படாது என்று தெரிந்தும், ஜான் சுடும்போது பட்டுவிடாதா என்று பார்த்தேன்.

கடைசிப் பண்ணை மிஷன்களை அந்தக் காலத்தில் திட்டாத ஆள் கிடையாது. தன் பழைய கொள்ளைக் கூட்டாளிகளையெல்லாம் வேட்டையாடி முடித்தவனுக்கு வேலை என்ன? தானியக் கிடங்கில் காக்கை சுடுவது, மாடு ஓட்டுவது, எப்போதும் புத்தகத்துக்குள் முகத்தை வைத்திருக்கும் மகன் ஜாக்கை வேட்டைக்குக் கூட்டிப்போவது. அப்போது ஒரே இரவில் ஓட்டித்தள்ளினேன். இப்போது அந்த வீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இரண்டாம் பாகத்தின் கடைசியில் அந்த வீட்டுக்கு ஆணி அடித்ததே நான்தானே! ஆனால் அந்தப் பாகத்தில் உயிரைக் கொடுத்து ஜானைக் காப்பாற்றிய அதன் நாயகன் ஆர்தரின் பெயரை இங்கே ஒருவரும் சொல்வதில்லை. இந்தக் கதையை எழுதியபோது ஆர்தர் பிறக்கவே இல்லை என்று புரிந்தாலும் மனசு கேட்கவில்லை.

மாடு ஓட்டும்போது மட்டும் என் ஆறு வயது மகளைப் பக்கத்தில் உட்கார விட்டேன். ஒரு கன்று கூட்டத்தை விட்டு விலகினால் "அப்பா, அது போகுது, அது போகுது" என்பாள். ஜாக் கோபித்துக்கொண்டு தனியாகக் கரடி வேட்டைக்குப் போனபோது அவளுக்குத் தூக்கமே வரவில்லை. ஜான் தேடிப் பிடித்துக் கூட்டிவந்த பிறகுதான் படுத்தாள்.

கடைசி மிஷனை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். பூ பறித்தேன், புதையல் தேடினேன், பிளாக்வாட்டர் ஊரில் போக்கர் ஆடித் தோற்றேன். ஒரு நாள் இரவு மகள் தூங்கிய பிறகு போட்டேன். மனைவியையும் மகனையும் குதிரையேற்றி அனுப்பிவிட்டு, ஜான் களஞ்சியக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறான். எதிரே ஒரு வரிசை துப்பாக்கி. நிதானமாகக் குறிவைக்க விடும் 'டெட் ஐ' தானாக விழுகிறது, காலம் மெதுவாகிறது. 2011-இல் எத்தனை பேரைச் சாய்க்கலாம் என்று பரபரப்பாகக் குறிவைத்து, ஜான் செத்ததும் நான்தான் சொதப்பிவிட்டேன் என்று நினைத்தேன். இந்த முறை ஒரே ஒருவனைக் குறிவைத்தேன், சுட்டேன், போதும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் "மாடு கேம் போடுப்பா" என்றாள். ஆன் செய்தால் 1914. மழை, மேட்டில் சிலுவைகள், மீசை வைத்த ஜாக். நல்லவேளை, கடைசி மிஷனுக்கு முன்னால் தனியாக ஒரு சேவ் போட்டு வைத்திருந்தேன். இப்போதும் அவளுக்கு அதைத்தான் போடுகிறேன். மேப்பில் அந்த மிஷனின் குறி வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது. ஜான் அதைச் சுற்றிக்கொண்டு மாட்டுப் பட்டிக்குப் போகிறான்.