இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போய், மனசில் ஒட்டிக்கொண்டு வந்த ஒன்று இருந்தால் சொல்லுங்கள்

கொட்டகலைக்காரி:

மதுரை, பழனி, சமயபுரம் எல்லாம் எல்லாரும் போகிற சுற்றுதான். அதை எழுத வரவில்லை. கடைசி நாள் வேனைத் திருப்பித் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். தாத்தா அந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் போக விண்ணப்பம் போட்டு, கடைசியில் போகாமலே இருந்துவிட்டார். அந்த விண்ணப்ப நகலில் கிராமம், தாலுகா எல்லாம் இருந்தது. அப்பா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியிலேயே வைத்திருந்தார்.

கோயில் என்றால் கோபுரம் இல்லை. ஒரு வேப்பமரம், ஓட்டுக் கொட்டகை, ஏழெட்டு வேல், காது உடைந்த ஒரு மண்குதிரை. பூசாரிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். எந்த ஊர் என்றார். இலங்கை, நுவரெலியா மாவட்டம் என்று அப்பா நீட்டிச் சொன்னார். "ஓ, கண்டிக்குப் போனவுகளா!" என்றார் அவர். அங்கே நம் எல்லாருக்கும் கண்டிதான் ஊர்.

அடுத்து, "நீங்க எந்த வகையறா?"

தோட்டத்துக் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசுகிற மனுசன் எங்கள் அப்பா. வாயே திறக்கவில்லை. தெரிந்தால்தானே சொல்ல. பூசாரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். "தாத்தா பேராவது தெரியுமா?" சொன்னோம். எழுதிக்கொண்டார். "மூணு தலைமுறையாத் தலைக்கட்டு வரி பாக்கி இருக்குல்ல" என்றார். சிரிக்கவில்லை. அப்பா பர்ஸைத் திறந்துவிட்டார். "இந்த வருசத்துக்கு மட்டும் குடுங்க, மிச்சத்தைச் சாமி பாத்துக்கிடும்" என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, தாத்தா பேரிலேயே ரசீது போட்டுக் கொடுத்தார். தாத்தா செத்து முப்பது வருசத்துக்கு மேலாச்சு.

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே பாக்கியா என்று இன்றுவரை தெரியவில்லை. அப்பா ராத்திரி தேத்தண்ணி குடித்துக்கொண்டே திடீரென்று கேட்கிறார்: "நாம எந்த வகையறாவா இருக்கும்?" என்னிடம் கேட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?


ஊவாக் காற்று:

வகையறா கேட்டால் எனக்கும் வாய் அடைத்துத்தான் போகும். என் கதை தஞ்சாவூர்ப் பெரிய கோயில்.

நல்ல வெயில். விரிப்பை விட்டு இறங்கினால் உள்ளங்கால் பொசுங்கும். ஒரு கைடு இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். ராஜராஜன் 1010இல் முடித்தது, விமானம் 216 அடி, நந்தி மண்டபம் பின்னால் நாயக்கர் காலத்தில் வந்தது என்றெல்லாம் சரியாகத்தான் சொன்னார். இடையில் என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். பதுளை, சிலோன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ராஜராஜன் உங்க நாட்டைப் பிடிச்சவராச்சே சார்!"

இருபது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், கிரிக்கெட்டில் தோற்ற டீம் ஆளைப் பார்ப்பது மாதிரி.

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று விளங்கவில்லை. 993 வாக்கில் சோழப் படை அநுராதபுரத்துக்கு வந்தபோது என் பாட்டன் பூட்டன் எல்லாம் இந்தப் பக்கம் ஏதோ வயலில் சேற்றில் நின்றிருப்பார்கள். படையோடு போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. நாங்கள் கடல் கடந்ததே வெள்ளைக்காரன் கோப்பித் தோட்டம் போட்ட பிறகுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் அநுராதபுரம் பக்கம் நின்று பதில் எழுதி ஏ எடுத்தவன். பொலன்னறுவையில் சோழர் கட்டிய வானவன்மாதேவீச்சரத்துக்கு ஸ்கூல் டிரிப்பில் போனபோது, "நம்ம ஆளுங்க கட்டினது" என்று ரகசியமாகப் பெருமைப்பட்டவனும் நான்தான். அப்படியென்றால் அந்த இடத்தில் நான் பிடித்தவனா, பிடிபட்டவனா?

ஈழத்து ஊர்கள் சிலவற்றை இந்தக் கோயிலுக்கு விட்டதாக இங்கேயே கல்வெட்டு இருக்கிறது. அது எந்தச் சுவரில் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உடனே பேச்சை மாற்றி, "இந்த விமானத்தோட நிழல் தரையில விழாது, அதுதான் அதிசயம்" என்றார். அவர் அதைச் சொல்லும்போது நாங்கள் எல்லாரும் வெயிலுக்குப் பயந்து அந்த நிழலில்தான் நின்றுகொண்டிருந்தோம்.


பெரியகோயில் பித்தன்:

ஊவாக் காற்று, கைடு சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு எழுதக் கூடாது. நாள் முழுக்க விழாது என்று யாரும் சொல்லவில்லை. உச்சி நேரத்தில் விழாது. அதுதான் கணக்கு. நான் நாலு தடவை போயிருக்கிறேன். ஆயிரம் வருசத்துக்கு முந்தி அந்த அறிவு இருந்தது என்று பெருமைப்படுவதை விட்டு, இதிலும் நொட்டை பிடிக்க வேண்டுமா?


பிளேன்டீ:

உச்சி நேரத்தில் எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டின் நிழலும் கூட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது. இத்தனைக்கும் அதை நான்தான் அடித்தேன்.


ஊவாக் காற்று:

பித்தன் ஐயா, அடி அகலம், மேலே போகப் போக ஒடுங்கி வருகிறது, அதனால் வெயில் நேர் உச்சிக்கு வருகிற நாட்களில் நடுப்பகல் நிழல் அதன் மேலேயே விழுந்துவிடும், மற்ற நாட்களில் தரையிலும் விழும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. அத்தனை கல்லைப் பக்கத்தில் மலையே இல்லாத ஊருக்குக் கொண்டுவந்து ஏற்றினானே, அதைப் பேசினால் நானும் கூட நின்று கை தட்டுவேன். என் பிரச்சினை நிழல் இல்லை, "எங்க", "உங்க" என்ற இரண்டு வார்த்தை. அதை விட்டுவிட்டீர்கள்.


லிந்துலை டீச்சர்:

சண்டை வேண்டாம் பிள்ளைகளா. என் கதை சின்னது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில். வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று பலகையில் பார்த்ததும் என் வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு 1200ஐ எண்ணி நீட்டினார். கவுண்டரில் இருந்த தம்பி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "சார்க் நாடு சார், உங்களுக்கும் 40தான்" என்று மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி எங்களையே பார்த்தார்கள். இவருக்கு முகம் விழுந்துவிட்டது. "ஒரு தடவையாவது வெளிநாட்டுக்காரனா நடந்துக்கலாம்னு பாத்தேன், அதுக்கும் விடமாட்டேங்குறாங்க" என்றார். பல்லவன் செதுக்கிய அத்தனை சிற்பத்தையும் அன்றைக்கு அந்த மூஞ்சியோடுதான் பார்த்தார்.

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். தொல்லியல் துறை டிக்கெட் போடுகிற இடத்தில் எல்லாம் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், போட்டோகொப்பியை நம்பிப் போகாதீர்கள். தஞ்சாவூரில் நுழைவுச் சீட்டே கிடையாது. அறை எடுக்கும்போது முதல் கேள்வியே "சி ஃபார்ம் போடுவீங்களா?" என்பதாக இருக்கட்டும். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் விவரத்தை ஏற்ற வேண்டும். சின்ன லாட்ஜில் அந்த வேலைக்குப் பயந்து, இலங்கை என்றதுமே அறை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ராத்திரி 11 மணிக்குப் பெட்டியோடு தெருவில் நின்று படித்த பாடம் இது. தமிழ் பேசுகிறோமே என்று நினைக்காதீர்கள். தமிழ் பேசியதால்தான் அந்த ஆள் இரண்டு தரம் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

பூக்காரம்மாகூடப் போனைக் காட்டித்தான் காசு கேட்கிறது. நம்மிடம் அந்த வசதி இல்லை. 10, 20 ரூபாய்த் தாளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி அம்மன் கோயிலில் 2018 பெப்ரவரி தீ விபத்துக்குப் பிறகு கைபேசியை உள்ளே விடுவதில்லை, வெளியே கொடுத்துவிட்டுத்தான் போகணும். ஆகவே எந்தக் கோபுர வாசலில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். நாங்கள் ஒன்றரை மணி நேரம் ஒருத்தரை ஒருத்தர் தேடினோம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆம்பளைகள் சட்டையைக் கழற்றி வேட்டியோடுதான் போகலாம். சுடிதார் போட்ட பிள்ளைகள் அதற்கு மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொள்ளணும். பழனிப் பஞ்சாமிர்தத்தைக் கைப்பையில் வைத்து விமானம் ஏறப் போகாதீர்கள், பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள்.


பிளேன்டீ:

டீச்சர், கதை அஞ்சு நிமிசம், வீட்டுப்பாடம் அரை மணி நேரம்.


புசல்லாவைப் பழையவன்:

நான் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். ராமேஸ்வரம். அம்மாவுக்கு வயது 78. ரயிலில் மண்டபம் தாண்டும்போது, "இங்கதான் எங்க தாத்தாவையெல்லாம் அடைச்சு வச்சு ஊசி போட்டு சிலோனுக்கு அனுப்புனாங்களாம்" என்றதோடு சரி, பிறகு பேசவில்லை. மண்டபம் கேம்ப் கதை நம் எல்லார் வீட்டிலும் இருக்கும், விட்டுவிடுகிறேன்.

அம்மாவுக்கு ஒரு அக்கா. இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் பதிந்து இந்தியாவுக்குப் போனவர்கள். 1964 புயலில் தனுஷ்கோடி போய்விட்டதால், அவர்கள் போகும்போது தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குத்தான் கப்பல். அம்மா ஸ்டேசன்வரை போய் ஏற்றிவிட்டிருக்கிறார். அழுகைக் கோச்சி என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த ரயிலில். கோத்தகிரியிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. 84இல் வந்ததுதான் கடைசி. கூடலூர்ப் பக்கம் மாறப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

அக்னி தீர்த்தக் கரையில் ஐயர் உட்காரவைத்து, செத்தவர்கள் பேரைக் கேட்டார். திதி நான்தான் கொடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பேராகச் சொன்னார். தாத்தா, பாட்டி, மாமா. அப்புறம் அக்கா பேரையும் சொல்லிவிட்டார். ஐயர் நாலாவது உருண்டையைப் பிடித்து இலையில் வைத்து, எள்ளை எடுக்கக் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்தார். "அத மட்டும் எடுத்துருங்க சாமி. அவ இருந்தாலும் இருப்பா."

ஐயர் ஒன்றும் கேட்கவில்லை. தினம் இதைப் பார்க்கிறவர் போல, அந்த ஒரு உருண்டையை எடுத்து இலைக்கு வெளியே மணலில் வைத்தார். மந்திரம் தொடர்ந்தது. கடலில் முங்கினோம், கோயிலுக்குள்ளே 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றினார்கள், அம்மா குளிரில் நடுங்கினார். அந்தப் பெரிய பிரகாரத்தில் எத்தனை தூண் என்று யாரோ சொன்னார்கள், காதில் ஏறவில்லை. அந்த உருண்டை என்ன ஆனது என்று நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். கரையில் மாடுகள் நின்றன.


பெரியகோயில் பித்தன்:

ஐயா, மனது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க முடியாத விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாகி, போனவர்களில் ஏராளமானவர்கள் நீலகிரியில்தான் குடியேறினார்கள். அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. டான்டீ என்பார்கள். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அந்தத் தோட்டத்து லயன் வீடுகளில் போய், பெரியம்மா பேரைச் சொல்லிக் கேட்காதீர்கள். நம் தோட்டத்துப் பேரையும் டிவிசன் பேரையும் சொல்லிக் கேளுங்கள். அங்கே இன்றும் பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் இலங்கைத் தோட்டத்துப் பேரை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். பழைய கடித உறையில் தபால் முத்திரை இருந்தால் எந்தத் தபாலகம் என்று தெரியும். ஃபேஸ்புக்கில் போட்டோவைப் போட்டால் ஒரு வாரத்தில் யாராவது சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் கோயம்புத்தூர், திருப்பூர் என்று வேலைக்குப் போயிருப்பார்கள், அங்கேயும் தேடலாம். தேயிலை சீசன் இல்லாத மாதமாகப் பார்த்துப் போங்கள், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.


புசல்லாவைப் பழையவன்:

நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள் தம்பி. ஆனால் தேடித்தாருங்கள் என்று நான் எழுதவில்லை. அம்மாவே தேடச் சொல்லவில்லை. தேடிப் போய் இல்லை என்று தெரிந்துவிட்டால், அந்த உருண்டையை எடுத்து இலையில் திரும்ப வைக்கணுமே.


மஸ்கெலியா மழை:

இதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சின்னதாக ஒன்று.

ஸ்ரீரங்கம். விபீஷணன் இலங்கைக்குக் கொண்டுபோகும்போது வழியில் இறக்கிவைத்த பெருமாள், எழும்பாமல் அங்கேயே இருந்துவிட்டார், அதனால் தெற்கே இலங்கையைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்பது கதை. வரிசையில் முன்னால் நின்ற ஒரு மாமி, நாங்கள் சிலோன் என்று தெரிந்ததும் எங்கள் அம்மாயி கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைத்தாம்மா பாத்துண்டே இருக்கார், நீங்க குடுத்து வச்சவா" என்று உருகினார்.

அம்மாயி ஒரு நிமிசம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "83 கலவரத்துல கொஞ்சம் கண் அசந்துட்டாரோ என்னமோ."

மாமி கையை விட்டுவிட்டார். அம்மாயி கும்பிட்ட மாதிரி அன்றைக்கு வேறு யாரும் கும்பிட்டதை நான் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.


ராகலைக்காரன்:

கொட்டகலைக்காரி அக்கா, ஒரு சந்தேகம். துறையூர்ப் பக்கம் என்றீர்களே, அந்த மண்குதிரைக்கு உடைந்திருந்தது இடது காதா? வேலில் ஒன்றில் சிவப்புத் துணி சுற்றி, பக்கத்தில் ஒரு அடிபம்பு இருந்ததா?

இருந்தால், நாங்களும் அங்கேதான் போனோம், போன வருசம். எங்கள் அப்பாயி சொன்ன ஊர். பூசாரி அதே நோட்டை எடுத்தார், மூணு தலைமுறை பாக்கி என்றார். எங்களிடம் 500 வாங்கினார்.


கொட்டகலைக்காரி:

இடது காதுதான். தம்பி, நீங்கள் எந்த வகையறா என்று சொன்னீர்கள்?