பின்மூடியைத் திறந்தபின் தெரிந்தவை: பழைய கைக்கடிகாரங்களோடு எங்கள் அனுபவங்கள்

மதுரை, சிம்மக்கல்லில் இருந்து:

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய கைக்கடிகாரம் தேடிப் போகிறவருக்குக் கடிகாரத்துக்கு முன்னால் கதைதான் கைக்கு வரும். தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது, ஆலையில் வெள்ளைக்காரத் துரை பரிசாகக் கொடுத்தது, போருக்குப் போன சிப்பாய் கட்டியிருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. சொல்கிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதையே சொல்கிறார்கள். ஆனால் பின்மூடியைத் திறந்தால் கடிகாரமும் தன் பங்குக்குச் சாட்சி சொல்லும். அந்த இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்ப்பதில் எனக்குள்ள ஆர்வம், கடிகாரத்தின் விலையில்கூட இருந்ததில்லை. அப்படிப் பார்த்தவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளை அறியாதவர் இந்தப் பக்கத்தில் குறைவு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மரத்தூண்கள், எனாமல் பாத்திரங்கள், பீங்கான் ஜாடிகள் ஆகியவற்றுக்கு நடுவே, ஒரு கடையில் தகரத் தட்டு நிறையக் கைக்கடிகாரங்கள் கிடந்தன. அதில் வெஸ்ட் எண்ட் நிறுவனத்தின் 'சோவார் பிரைமா' ஒன்று இருந்தது. வெள்ளை டயல் பழுப்பேறியிருந்தாலும், பம்பாய், கல்கத்தா என்று நிறுவனப் பெயருக்குக் கீழே அச்சிட்டிருந்த எழுத்துகள் தெளிவாகவே இருந்தன. கடைக்காரர் அதை முதல் உலகப்போரில் மெசபடோமியா சென்று திரும்பிய சிப்பாயின் கடிகாரம் என்றார். நம்பத் தகாத செய்தி அன்று. வெஸ்ட் எண்ட் கடிகாரங்களை அந்நாளைய இந்தியப் படையினர் விரும்பி வாங்கியது உண்மை. 'சோவார்' என்றாலே குதிரைப்படை வீரன்தான்.

அவருடைய சம்மதத்தோடு பின்மூடியை நெம்பித் திறந்து கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் ஆடிக் கடிகாரத்தின் ஓட்டத்தைச் சீராக்கும் சக்கரமான பேலன்ஸ் வீலின் நடுவில், அதன் அச்சைத் தாங்கும் சிவப்புக் கல்லின்மேல், யாழ் வடிவத்தில் ஒரு மிகச்சிறிய ஸ்பிரிங் படிந்திருந்தது. கடிகாரம் கீழே விழும்போது அச்சின் நுனி ஒடியாமல் காக்கும் இன்காபிளாக் என்ற அமைப்பு அது. சுவிட்சர்லாந்தில் 1934-இல் வந்தது. முதல் உலகப்போரோ 1918-இலேயே முடிந்துவிட்டது. இதை நான் விளக்கியபோது கடைக்காரர் சற்றும் கலங்காமல், "அப்ப ரெண்டாவது யுத்தம்னு வச்சுக்கங்க சார்" என்றார். அதை மறுக்க என்னிடம் ஆதாரம் ஏதுமில்லை என்பதால், இரண்டாவது யுத்தத்துக்குரிய விலையைப் பேசி வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதன் முட்களில் பூசியிருந்த பழுப்புப் பொடி ரேடியம். இருட்டில் அது இப்போது ஒளிர்வதில்லை என்பதால் அதன் வீரியம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஒளிரும் தன்மையை இழந்தது ரேடியத்தோடு கலந்திருந்த துத்தநாக சல்பைடுதான். ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். எனவே அத்தகைய முட்களைச் சுரண்டுவதோ ஊதுவதோ கூடாது. பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போதும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூடிய கண்ணாடிக்குள் இருக்கும்வரை அதை வைத்திருப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அன்றாடம் கட்டுவதில்லை.

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பார்த்த சீக்கோ 5 இதற்கு நேர்மாறானது. அங்கே கடிகாரம் சொன்னதைக் கேட்ட பிறகுதான் வீட்டாரின் நினைவு தெளிந்தது. நண்பர் ஒருவர் தம் உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போனார். பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லி, வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். குலுக்கியவுடன் ஓடத் தொடங்கியது. கிழமையைச் சரிசெய்வதற்காகச் சாவியைத் திருப்பினேன். ஆங்கிலத்தில் ஒரு கிழமை வந்தது. அடுத்த திருப்பில் அதே கிழமை அரபு எழுத்தில் வந்தது. சீக்கோ நிறுவனம் தன் கடிகாரம் விற்கப்படும் நாட்டுக்கு ஏற்பக் கிழமைச் சக்கரத்தின் இரண்டாம் மொழியை மாற்றி அமைக்கும். சிங்கப்பூரில் விற்ற கடிகாரத்தில் அரபு எழுத்து இருப்பது அரிது.

பின்மூடியைப் பார்த்தேன். அக்கால சீக்கோ கடிகாரங்களின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், இரண்டாவது இடம் மாதத்தையும் குறிக்கும். ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணாகவும், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு மட்டும் ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்தாகவும் வரும். இதில் 8, அடுத்து 'என்'. ஆகவே செய்யப்பட்டது ஏதோ ஓர் எட்டாம் ஆண்டின் நவம்பர். உள்ளே இருந்தது அந்த இரு பத்தாண்டுகளிலும் சீக்கோ பயன்படுத்திய 7009 என்ற எண்ணுள்ள மெஷின் என்பதால் அது 1978 ஆகவும் இருக்கலாம், 1988 ஆகவும் இருக்கலாம். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, திண்ணையில் இருந்த ஆச்சி குறுக்கிட்டார். பெரியப்பாவின் சிங்கப்பூர்க் கடிகாரம் ஒரு கல்யாணச் செலவுக்கு எப்போதோ விற்றுப் போய்விட்டது என்றும், இது தம் இளைய மகன் குவைத்துக்குப் போன மறு வருஷம், 1979 தீபாவளிக்கு வந்தபோது கட்டிவந்தது என்றும் சொன்னார். இரண்டு கடிகாரங்களும் வீட்டாரின் நினைவில் ஒன்றாகிப் போயிருந்தன. விலை என்ன என்று நான் கேட்கவில்லை. அவர்களும் விற்பதாகச் சொல்லவில்லை.

தெற்காவணி மூல வீதியில் ஒருவர் காட்டிய ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட்டைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அதன் பின்புறம் கண்ணாடி பதித்திருந்தது. டேட்ஜஸ்ட்டுக்கு ரோலெக்ஸ் அப்படிக் கண்ணாடி வைப்பதில்லை, உலோக மூடிதான். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

திருமங்கலத்தில் இருந்து:

சிம்மக்கல் அண்ணன் எழுதியதைப் படித்ததும், என் தகப்பனாரின் எச்.எம்.டி. ஜனதாவுக்கு நேர்ந்ததை எழுதத் தோன்றியது. எச்.எம்.டி. 1961-இல் பெங்களூருவில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா அதன் எளிய மாதிரிகளில் ஒன்று. தினமும் சாவி கொடுக்க வேண்டிய, 17 கல் பதித்த மெஷின் அது. அப்பா பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தபோது வாங்கியது. அவர் காலமான பிறகு நான் எடுத்து ஓட்டியபோது, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பல நிமிடங்கள் முந்தி ஓடியது. முதலில் காட்டிய ஒரு கடையில் மெஷினையே கழற்றிவிட்டு பேட்டரி மெஷின் போட்டுக்கொள்ளுமாறு சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிறகு டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், ஒரு மேசையும் ஒரு விளக்கும் மட்டுமே உள்ள கடையில் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறக்கவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு திசைகாட்டியை எடுத்துக் கடிகாரத்தின்மேல் வைத்தார். அதன் முள் வடக்கை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கியது. "வீட்ல எங்க வைக்கிறீங்க தம்பி?" என்று கேட்டார். பாட்டுப்பெட்டியின் ஸ்பீக்கர்மேல் வைப்பதாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் மூடியைத் திறந்து, என்னையும் லென்ஸ் வழியே பார்க்கச் சொன்னார். பேலன்ஸ் வீலை ஆட்டுவிக்கும், முடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங், கொசுவர்த்திச் சுருள் போல இடைவெளி விட்டுச் சுற்றியிருக்க வேண்டியது, காந்தம் ஏறியதால் ஒரு பக்கத்தில் சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிய சுற்றுகள் வேலை செய்யாததால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததைப்போல் ஆகி, மணிக்கு 18,000 முறை துடிக்க வேண்டிய பேலன்ஸ் வீல் அதைவிட வேகமாக ஆடுகிறது என்று அவர் விளக்கினார். மின்சாரத்தில் இயங்கும் நீல நிறச் சிறு பெட்டி ஒன்றின்மேல் கடிகாரத்தை வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெதுவாக மேலே தூக்கினார். மீண்டும் திசைகாட்டியை வைத்தபோது முள் அசையவில்லை. பிறகு மெஷினைப் பிரித்துக் காய்ந்துபோன எண்ணெயைக் கழுவிப் புது எண்ணெய் இட்டுக் கொடுத்தார். கூலியில் பெரும்பகுதி அந்தக் கழுவலுக்குத்தான். காந்தம் எடுத்ததற்கு அவர் காசு வாங்கவில்லை. இப்போது அலமாரியில் துணி மடிப்புக்குள் வைக்கிறேன். நேரம் சரியாகக் காட்டுகிறது.

திண்டுக்கல்லில் இருந்து:

பெரியவர்களிடம் ஒரு சந்தேகம். என் மாமனார் திருமணத்துக்குப் பெற்ற ஃபாவ்ர் லூபா நிறுவனத்தின் 'சீ சீஃப்' கைக்கடிகாரம் என்னிடம் வந்திருக்கிறது. ஓடுகிறது. ஆனால் டயலில் ஆறு மணிப் பக்கம் புள்ளி புள்ளியாகக் கறை இருக்கிறது. கண்ணாடி முழுதும் கீறல். டயலைப் புதிதாக எழுதி வாங்கித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கேஸ் தங்கம் என்றே வீட்டில் இதுவரை சொல்லி வந்திருக்கிறோம். ஸ்ட்ராப் மாட்டும் காதுப் பக்கத்தில் மஞ்சள் தேய்ந்து வேறு ஒரு மஞ்சள் தெரிகிறது. என்ன செய்யலாம் ஐயா?

மீண்டும் சிம்மக்கல்லில் இருந்து:

தம்பி, டயலைத் தொட விடாதீர்கள். ஃபாவ்ர் லூபா 1737 வரை வேர் உள்ள சுவிஸ் நிறுவனம். 1865-இலேயே பம்பாயில் வணிகம் தொடங்கியது. நம் நாட்டில் அந்தக் கடிகாரங்கள் ஏராளமாக விற்றன என்பதாலேயே, அவற்றின் டயலைத் துடைத்துவிட்டுப் புதிதாக அச்சடித்துக் கொடுக்கும் தொழிலும் இங்கே ஏராளமாக நடக்கிறது. அப்படி எழுதியதை லென்ஸில் பார்த்தால் தெரிந்துவிடும். மணற்கடிகாரச் சின்னத்தின் கோடுகள் தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேரே நிற்காமல் தள்ளி நிற்கும். மணிக்குறிகளின் அடியில் பெயிண்ட் தேங்கியிருக்கும். வாங்குகிறவர்கள் கறை படிந்த அசல் டயலுக்குக் கொடுக்கும் விலையை இதற்குக் கொடுப்பதில்லை, அது நியாயமும்கூட. எச்.எம்.டி.யின் கைக்கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு, அதற்கும் இதே கதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்குப் போனால், எச்.எம்.டி. ஒருநாளும் தொட்டிராத நிறங்களில் எச்.எம்.டி. டயல்களைப் பார்க்கலாம்.

தங்கம் பற்றிய கேள்விக்குப் பின்மூடியே பதில் சொல்லும். அதன் ஓரத்தில் 20 மைக்ரான் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தங்க முலாம். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காதுப் பக்கத்தில் தெரியும் அந்த வேறு மஞ்சள் பித்தளை. நம் ஊர் வியர்வைக்கு ஸ்ட்ராப் உரசும் அந்த இடம்தான் முதலில் தேயும். வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்பதை உங்களிடமே விடுகிறேன்.

கண்ணாடியை மட்டும் தாராளமாக மாற்றலாம். அக்காலக் கண்ணாடி அக்ரிலிக்தான். கீறல் ஆழமில்லை என்றால் மாற்றக்கூடத் தேவையில்லை, பாலிஷ் போட்டாலே தெளிந்துவிடும். மாற்றுவதானால் பழைய கண்ணாடியின் அதே உயரமுள்ளதாகப் போடச் சொல்லுங்கள். தாழ்வானது போட்டால் நொடி முள் உரசி நின்றுவிடும். கடைசியாக எப்போது எண்ணெய் இட்டார்கள் என்று தெரியாவிட்டால், அது ஓடுகிறது என்பதற்காகத் தினமும் ஓட்டாதீர்கள். காய்ந்த எண்ணெயில் ஓடும் அச்சு தேய்ந்துபோகும். அந்த மெஷினுக்கு உதிரிப் பாகம் தேடுவது எளிதன்று. திருமங்கலத்துத் தம்பியிடம் கேட்டு அந்த பாயின் கடைக்குக் கொண்டுபோங்கள். மெஷினை மட்டும் கழுவச் சொல்லி, டயலைத் துணியால்கூடத் துடைக்க வேண்டாம் என்று வாயால் சொல்லாமல் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.