எஃப்எஃப்எம்பெக் லாக் நிற்கவே மாட்டேன் என்கிறது, அவசர உதவி

கோடைமழை: எங்கள் மென்பொருளுக்குள் வீடியோ மாற்றத்துக்கான எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைச் சேர்த்திருக்கிறோம். வீடியோவை மாற்றும்போதெல்லாம் டெர்மினலில் லாக், அதாவது நடப்புச் செய்திகள், வரிவரியாகக் கொட்டுகிறது. லாக் அளவைக் குறைத்தும் பயனில்லை. நாளை வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும்.

குட்டித்தறி: எப்படிக் குறைத்தீர்கள்? வீடியோவைச் சுருக்க எந்த என்கோடர்? கொட்டுவதில் ஒரு வரியையாவது ஒட்டுங்கள்.

நிலைக்கதவு: கேட்கவே வேண்டாம், தாமதமாக அமைக்கிறீர்கள். நிரல் தொடங்கியதும் முதல் வேலையாக, லாக் அளவை அமைக்கும் ஏவி_லாக்_செட்_லெவலை அழையுங்கள்.

பழையமுருங்கை: ஆவணத்தைப் படிக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, தம்பி. சொந்தமாகக் கால்பேக், அதாவது ஒவ்வொரு லாக் செய்திக்கும் நூலகம் அழைக்கும் செயல்கூறு, எழுதியிருப்பீர்கள். அளவு பார்த்து வடிகட்டுவது நூலகத்தோடு வரும் கால்பேக்தான். உங்களுடையதில் அந்தச் சோதனையை நீங்களே எழுத வேண்டும்.

கோடைமழை: கால்பேக் எழுதவில்லை ஐயா. முதல் வரியிலேயே, எதுவும் காட்டாதே என்னும் ஏவி_லாக்_குவைட் கொடுத்திருக்கிறேன். வருவது இப்படி: "எக்ஸ்265 [இன்ஃபோ]: யூசிங் சிபியூ கேப்பபிலிட்டீஸ்…"

குட்டித்தறி: இதை முதலிலேயே ஒட்டியிருக்கலாமே! இது எஃப்எஃப்எம்பெக் எழுதுவதே அல்ல. எக்ஸ்264 என்கோடரின் செய்திகள் எஃப்எஃப்எம்பெக்கின் ஏவி_லாக் வழியாக வரும். உங்கள் எக்ஸ்265 என்கோடர் நேராக எஸ்டிடிஎர்ரில், அதாவது நிரலின் பிழைச் செய்தி வெளியீட்டில், எழுதிவிடும். என்கோடரைத் திறக்கும் முன் எக்ஸ்265-பாராம்ஸ் விருப்பத்தில் லாக்-லெவல்=எரர் என்று கொடுங்கள். அங்கே ஏற்கெனவே வேறு அமைப்புகள் இருந்தால் முக்காற்புள்ளி போட்டுச் சேர்க்க வேண்டும். எதுவும் வேண்டாம் என்னும் 'நன்' கொடுக்காதீர்கள், பிழைச் செய்தியும் போய்விடும்.

நிலைக்கதவு: எதற்கு இத்தனை பாடு? டப்2 அழைப்பைப் போட்டு எஸ்டிடிஎர்ரையே, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டால் முடிந்தது.

பழையமுருங்கை: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார். எஸ்டிடிஎர் நிரல் முழுவதற்கும் ஒன்றுதான். அவர்களுடைய சொந்தப் பிழைச் செய்திகளும் அதோடு போகும்.

நிலைக்கதவு: குற்றம் நூலகத்தின் மேல்தான். கேட்காமல் அது ஏன் வாய் திறக்க வேண்டும்? பைத்தான் மொழியின் ஆவணம் நூலகங்களின் லாக்குக்கு எதையும் எழுதாத நல்ஹேண்ட்லர் தவிர வேறு ஹேண்ட்லர் எதையும் சேர்க்காதே என்கிறது.

பழையமுருங்கை: வாயை மூடிக்கொண்டால் "ஒன்றுமே நடக்கவில்லை, உதவுங்கள்" என்று இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். உண்மையான குறை வேறு. ஏவி_லாக் கால்பேக் நிரல் முழுவதற்கும் ஒன்றே. இரண்டு செருகுநிரல்கள் ஆளுக்கொன்று அமைத்தால் கடைசியில் வந்தவருடையதே செல்லும். அந்தக் கால்பேக் பல த்ரெட்களிலிருந்து, அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளிலிருந்து, ஒரே நேரத்தில் அழைக்கப்படும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நிலைக்கதவு: நான் கேட்டதற்கு இது பதில் இல்லை.

கோடைமழை: நின்றுவிட்டது. நன்றி.

குட்டித்தறி: எரர் கொடுத்தீர்களா, நன் கொடுத்தீர்களா?