மூணு இன்ச் கிரில் கேட்டில் பூனை நின்றுவிடுமாம்!

மன்னைக்காரி:
நம் மன்றத்தின் பக்கத்துத் திரியில் (விவாதத் தொடரில்) புதிதாகப் பூனை வளர்க்கும் ஒருவர், வீட்டுக்குள் வளரும் பூனை தெருவுக்கு ஓடாமல் இருக்க என்ன வழி என்று கேட்டிருந்தார். அதற்கு நம் கும்பகோணம் ஓவர்சியர் ஐயா அருளிய பதில்: "மூணு இன்ச் இடைவெளியில் கிரில் கேட் போடுங்கள். வளர்ந்த பூனை நுழையவே முடியாது. மற்றதெல்லாம் தண்டச் செலவு."

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டு வாசலில் இருப்பதும் மூணு இன்ச் கேட்தான். மீன்காரர் சைக்கிள் ஹாரன் தெருமுனையில் கேட்டால் போதும். எங்கள் பூனை முதலில் மீசையைக் கம்பிகளுக்கு நடுவில் வைத்துப் பார்க்கும். அப்புறம் தலையைச் சாய்த்து நுழைக்கும். ஒரு தோள் போகும், பின்னாலேயே இன்னொரு தோள். வயிறு மட்டும் கொஞ்சம் சிக்கும், பின்னங்காலால் ஒரு உதை, தெருவில் நிற்கும். பூனையின் காறை எலும்பு நமக்கு இருப்பதுபோல மற்ற எலும்போடு பொருந்தி நிற்பதில்லை, சதைக்குள் மிதக்கிறது. தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். இதுகூடத் தெரியாமல் ஊருக்கு உபதேசம் எதற்கு?

கும்பகோணம் ஓவர்சியர்:
அம்மா, நான் எழுதியது "வளர்ந்த பூனை". கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும். உங்களிடம் இருப்பது குட்டியாக இருக்கும், இல்லையென்றால் பட்டினி கிடக்கும் ஜீவனாக இருக்கும். எங்கள் வீட்டுக் கடுவன் நன்றாகத் தின்று கொழுத்தவன். மூணு இன்ச் கேட்டின் முன்னால் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்ப்பானே தவிர, ஒரு காலைக்கூட வெளியே நீட்டியதில்லை. சர்வீஸ் முழுக்க மதகும் ஷட்டருமாக அளந்து பிழைத்தவன் நான். இன்ச் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம்.

மன்னைக்காரி:
அவன் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறானா, போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறானா? அதை எந்த டேப்பில் அளந்தீர்கள்? எங்கள் பூனை இரண்டு முறை குட்டி போட்டது. குட்டி போட்ட பூனையே குட்டி என்றால் வளர்ந்த பூனைக்கு நான் எங்கே போவேன்?

வலங்கைமான் விவசாயி:
எனக்கு ஒன்று புரியவில்லை. பூனையை எதற்கு அடைத்து வைக்க வேண்டும்? சம்பா பொதி கட்டும் நேரத்தில் எலி தூரையே வெட்டிச் சாய்க்கிறது. வயல் நெடுகத் தஞ்சாவூர் கிட்டி என்கிற எலிப்பொறி வைக்கிறோம், ஆந்தை உட்காரப் பறவைத் தாங்கி நடுகிறோம். நீங்கள் பூனைக்குக் கேட் போடுகிறீர்கள். வெளியே விடுங்கள், நாலு எலியாவது பிடிக்கட்டும்.

மன்னைக்காரி:
அந்தக் கிட்டியில் எலிதான் மாட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்களா? மூங்கிலை வளைத்துக் கட்டிய கயிறு, பொரியை மோந்து பார்க்கும் எதையும் இறுக்கும். போதாதென்று வரப்பெல்லாம் எலி மருந்து. மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் ஆபத்துதான். அறுப்பு நேரத்தில் கண்ணாடி விரியன் வேறு. என் பூனை வீட்டில்தான் இருக்கும். பிரச்சினை மூணு இன்ச். அதைப் பேசுங்கள்.

வலங்கைமான் விவசாயி:
எங்கள் வயலில் மருந்து வைப்பதில்லை. கிட்டி மட்டும்தான். யாரையோ சொல்வதற்கு எல்லோரையும் சேர்த்துத் திட்ட வேண்டாம் அக்கா.

ஒரத்தநாடு மாணவி:
கால்நடை மருத்துவம் படிக்கிறேன், அதனால் ஒன்றிரண்டு சொல்கிறேன். முதல் கேள்வி, இரண்டு பூனைக்கும் கருத்தடை ஆகிவிட்டதா? பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வரும். அந்த நாட்களில் கேட் என்ன, ஓட்டைப் பிரித்துக்கொண்டும் போகும். கடுவனும் வாசனை பிடித்து அலையும். ஆபரேஷன் செய்தால் அலைச்சல் பெரும்பாலும் குறைந்துவிடும். மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசியும் போட வேண்டும், வீட்டுக்குள் வளர்ந்தாலும்.

இரண்டாவது கேள்வி. மூணு இன்ச் என்று இருவரும் சொல்வது ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடு வரைக்குமா, அல்லது கம்பிகளுக்கு நடுவில் உள்ள வெற்று இடமா? 12 எம்எம் கம்பி என்றால் அதிலேயே ஏறக்குறைய அரை இன்ச் வித்தியாசம் வந்துவிடும். இருவரும் வேறு வேறு அளவைப் பேசிக்கொண்டிருக்கலாம்.

கும்பகோணம் ஓவர்சியர்:
பாப்பா, படிப்பை முதலில் முடி. மூணு இன்ச் என்றால் மூணு இன்ச். பட்டறையில் மூணு இன்ச் என்று சொன்னால் வெல்டருக்குப் புரிகிறது, உங்களுக்குத்தான் புரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும். தெருக் கதவைத் திறக்கும் முன் ரேழிக் கதவைச் சாத்திவிட வேண்டும். ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது மூடியிருக்க வேண்டும். கால்வாயில் படகு ஏறி இறங்க இரட்டைக் கதவு லாக்கில் தண்ணீர் விடுவதும் இந்த முறையில்தான். இப்போது வருகிற அபார்ட்மென்ட்களில் கதவைத் திறந்தால் நேரே ஹால். பூனை ஓடாமல் என்ன செய்யும்? அப்புறம் முற்றத்து ஜலதாரை. தண்ணீர் போகும் அந்த ஓட்டையை யாரும் பார்ப்பதே இல்லை, பூனை முதல் நாளே பார்த்து வைத்துவிடும். அதற்குக் கம்பி வலை அடித்தேன். கொல்லையில் குப்பைமேனி விட்டு வைத்திருக்கிறேன். அதன் வேரை மோந்தால் பூனை கிறங்கிப்போய் அங்கேயே புரளும், வெளியே போகிற எண்ணமே வராது. வாசலுக்கு மூணு இன்ச் கேட். முடிந்தது வேலை.

மன்னைக்காரி:
ரேழிக் கதவு, ஜலதாரை வலை, குப்பைமேனி, அதற்குப் பிறகு மூணு இன்ச்! நேற்று "மற்றதெல்லாம் தண்டச் செலவு" என்று எழுதிய கை யாருடையது?

ஒரத்தநாடு மாணவி:
குப்பைமேனி வேர் பூனையை இழுப்பது உண்மைதான். ஆனால் அது கொல்லையில் இருந்தால் பூனையைக் கொல்லைக்கு இழுக்கும். வீட்டுக்குள் நிறுத்த அது எப்படி உதவும்? மதில் எவ்வளவு உயரம்? தன் உயரத்தைப் போல ஐந்து மடங்குகூடப் பூனை தாவும்.

கும்பகோணம் ஓவர்சியர்:
மதில் என் மதில். அதன் உயரம் உனக்கு எதற்கு?

வேதாரண்யம் உப்பு:
முற்றம் வைத்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே நைலான் வலை கட்டாதீர்கள். எங்கள் பக்கம் குரங்கு பிய்த்துப் போட்டுவிடும், வெயிலிலும் மக்கிப் போகும். வெல்டு மெஷ்தான் சரி. அதையும் சுவரில் ஆணி அடித்து நிறுத்தாமல், இரும்புச் சட்டத்தில் வைத்துப் போல்ட் போடுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் ஓடும் வலையும் சேர்ந்தே பறந்தன. மெஷ்ஷின் கண் ஒரு இன்ச் இருந்தால் குட்டிகூடப் போகாது. மூணு இன்ச் சண்டையில் எனக்கு அபிப்பிராயம் இல்லை.

உறையூர்க்காரன்:
இரண்டு இன்ச்சுக்கு மேல் எந்த இடைவெளியும் பூனைக்கு வாசல்தான். எங்கள் தெருவில் எல்லோருமே இரண்டு இன்ச்தான் வைக்கிறார்கள். பழைய கேட் இருந்தால் மாற்றக்கூட வேண்டாம், கீழிருந்து நாலடிக்கு மெஷ் வைத்துக் கட்டினால் போதும். டெல்டாவில் இருந்துகொண்டு நமக்குள் இதற்கு இவ்வளவு சண்டையா?

கும்பகோணம் ஓவர்சியர்:
டெல்டாவில் இருந்துகொண்டா? உங்கள் உறையூர் இருக்கிற திருச்சி எப்போது டெல்டாவில் சேர்ந்தது? 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் படியுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள். திருச்சியைக் காணோம்.

உறையூர்க்காரன்:
சட்டம் போட்டா காவிரி பிரிகிறது? முக்கொம்பில்தான் கொள்ளிடம் தனியே போகிறது. முக்கொம்பு எங்கள் ஊர். அங்கே எங்கள் ஆட்கள் திறந்து விட்டால்தான் உங்கள் மகாமகக் குளத்துக்கே ஈரம்.

கும்பகோணம் ஓவர்சியர்:
ஆமாம் ஆமாம், 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனபோது நாங்களும்தான் பார்த்தோம்.

உறையூர்க்காரன்:
1836-இல் கட்டிய அணை, நூற்றெண்பது வருடம் நின்றது ஐயா. உங்கள் துறை போட்ட தடுப்பணைகள் எத்தனை வருடம் நின்றன என்று பட்டியல் போடட்டுமா?

கும்பகோணம் ஓவர்சியர்:
துறையைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி? வெள்ளத்தில் மணல் மூட்டையோடு ராத்திரி முழுக்கக் கரையில் நின்றவன் நான். நீங்கள் மாடியில் நின்று போட்டோ எடுத்திருப்பீர்கள்.

வலங்கைமான் விவசாயி:
மணல் மூட்டையை யார் சுமந்தது என்று எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். டார்ச் அடித்தவர்கள் வேறு, சுமந்தவர்கள் வேறு.

மன்னைக்காரி:
ஐயா நைசாக நழுவுகிறார். மதகு, மணல் மூட்டை எல்லாம் இருக்கட்டும். மூணு இன்ச்சில் என் பூனை போகிறது. ஆமாவா, இல்லையா?

கும்பகோணம் ஓவர்சியர்:
இல்லை.

மன்னைக்காரி:
என் கண்ணால் பார்த்ததை இவர் கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்கிறார்!

கும்பகோணம் ஓவர்சியர்:
பூனை போவதை நான் மறுக்கவில்லை. அது மூணு இன்ச் என்பதைத்தான் மறுக்கிறேன். உங்கள் வெல்டர் ஏமாற்றியிருப்பார். மன்னார்குடிப் பட்டறைகளைப் பற்றி எனக்குத் தெரியும். மூணு என்று காசு வாங்கிக்கொண்டு மூணரை வைப்பார்கள், ஒரு கம்பி மிச்சம் பிடிக்க.

மன்னைக்காரி:
எங்கள் ஊர் வெல்டர் மேல் பழி போட்டாயிற்று. அடுத்து ராஜகோபாலசாமி கோயில் மதிலும் கோணல் என்பீர்கள். நீங்கள் சொன்னீர்களே என்று டேப் வைத்து அளந்துவிட்டேன். மூணு. நூல் பிசகவில்லை.

ஒரத்தநாடு மாணவி:
எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் அக்கா? நடுவிலிருந்து நடுவா?

மன்னைக்காரி:
கம்பியிலிருந்து கம்பிக்கு அளந்தேன். வேறு எங்கே அளப்பார்கள்? நீயும் அவர் கட்சியா?

வேதாரண்யம் உப்பு:
கேள்வி கேட்டவர் பக்கத்துத் திரியில், பூனை நேற்றே ஓடிவிட்டது என்று எழுதியிருக்கிறார். யாராவது பதில் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கொல்லைக் கதவருகே அதன் தட்டைத் தட்டிக் கூப்பிட்டால், பக்கத்தில் எங்கேயாவது பதுங்கியிருந்தால் வரும். பகலைவிட இருட்டிய பிறகும் விடியற்காலையிலும் தேடுவது நல்லது.

கும்பகோணம் ஓவர்சியர்:
ஓடிவிட்டதா? அவர் நான் சொன்ன கேட் போடவில்லை. போட்டிருந்தால் ஓடியிருக்காது. இதிலிருந்தே தெரியவில்லையா?

உறையூர்க்காரன்:
இரண்டு இன்ச் போட்டிருந்தாலும் ஓடியிருக்காது. இதிலிருந்து எதுவும் தெரியவில்லை.

கும்பகோணம் ஓவர்சியர்:
ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேட்டை அளந்து படம் போடுகிறேன். கடுவனையும் பக்கத்தில் உட்கார வைத்து எடுக்கிறேன். அதற்கு மேல் வாதம் கிடையாது.

மன்னைக்காரி:
டேப்பைக் கம்பியில் வைத்து எடுங்கள். கிணற்றுத் திரியில் செய்ததுபோல வெறும் கயிற்றைப் படம் எடுத்துப் போட்டு, இதுதான் ஆழம் என்று சொல்லாதீர்கள்.

கும்பகோணம் ஓவர்சியர்:
கிணற்றை இங்கே இழுக்க வேண்டாம். அந்தக் கயிற்றில் ஐந்து அடிக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தேன், கண் உள்ளவர்கள் எண்ணிக்கொள்ளலாம். கிணறு 22 அடி.

உறையூர்க்காரன்:
அன்றைக்கு 28 என்றல்லவா எழுதினீர்கள்?

கும்பகோணம் ஓவர்சியர்:
அது கோடையில் தூர் வாரிய பிறகு. திருச்சிக்காரர்களுக்குக் கிணறு எங்கே தெரியப் போகிறது?