பொருள்: ஸ்டெரிலிட்டி சந்தேகத்தால் வரும் ரீகாலுக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு மருத்துவப் பொருள் கிருமியே இல்லாத நிலையில் (ஸ்டெரிலிட்டி) இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், அதைத் திரும்பப் பெறவோ சரிசெய்யவோ நிறுவனம் அறிவிப்பு விடும் (ரீகால்). இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு நம் குழுவில் சில சொற்கள் வந்திருக்கின்றன.

முதலில் 'மலட்டுத்தன்மை'யைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். "மலட்டுத்தன்மை காரணமாக இந்தக் கருவி திரும்பப் பெறப்படுகிறது" என்று ஓர் அறிவிப்பு வந்தால், அந்தக் கருவியைப் பொருத்திக்கொண்ட பெண் தனக்கு இனிக் குழந்தை பிறக்காதோ என்று கலங்கிப்போவார். இதை ஏற்கவே கூடாது.

'கிருமிநீக்கம்' என்பதற்குத்தான் இங்கே ஆதரவு அதிகம். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. கொரோனா காலத்தில் தெருவில் மருந்து தெளித்ததையும் கிருமிநீக்கம் என்றுதான் சொன்னோம். அறுவை அரங்கில் ஸ்டெரைல் என்றால் பாக்டீரியாவின் வித்துகள்கூட உயிரோடு இருக்கக்கூடாது. ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கருவி) சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஜியோபாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் எளிதில் சாகாத வித்துகளை உள்ளே வைத்துச் சோதிப்பது அதனால்தான். அப்புறம், நீக்கம் என்பது செயல். நாம் தேடுவது ஒரு நிலையின் பெயரை.

ஆனால் சிக்கலின் மையம் இது இல்லை. ரீகால் அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது, கிருமி இருக்கிறது என்ற செய்தி அல்ல. இல்லை என்று உறுதி சொல்ல முடியவில்லை என்பதுதான். ஒரு கருவி ஸ்டெரைலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உறையைப் பிரித்துச் சோதித்தால் அந்தக் கருவி அதோடு வீண். ஆகவே செய்முறையை நம்பித்தான் சான்று தருகிறார்கள். பொருள் எங்கே, எந்தச் சூழலில் தயாரானது, எவ்வளவு நுண்ணுயிர்ச் சுமையோடு, கிருமிகளைக் கொல்லும் எத்திலீன் ஆக்சைடு வாயு அறைக்குள் போனது, எவ்வளவு நேரம் வாயுவில் இருந்தது, உறையின் ஓரம் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும். உயிருள்ள ஒரு நுண்ணுயிராவது எஞ்சியிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. மேலே சொன்னவற்றில் ஒன்றுக்குப் பதில் கிடைக்காவிட்டாலும் அந்த லாட் (ஒரே தொகுதியாகத் தயாரானவை) முழுவதும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

2020 ஜனவரியில் அமெரிக்காவின் கார்டினல் ஹெல்த் நிறுவனம் 91 லட்சம் அறுவை அங்கிகளை ரீகால் செய்தது. அவற்றைத் தைத்துக் கொடுத்த சீன ஒப்பந்த நிறுவனம், வேலையின் ஒரு பகுதியைப் பதிவு பெறாத இடங்களுக்கு மாற்றியிருந்தது. அங்கே என்ன சூழல் இருந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. அந்த அங்கிகளை உள்ளே வைத்துக் கட்டிய அறுவைப் பொதிகளையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன. இதைத் தமிழில் "கிருமி கலந்த அங்கிகள்" என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. 2023இல் சென்னை நிறுவனம் ஒன்று தயாரித்த கண் சொட்டு மருந்து அமெரிக்காவில் ரீகால் ஆனது வேறு கதை. அங்கே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றே பரவியது. சிலர் பார்வையை இழந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், படிப்பவர் எதற்கு எவ்வளவு அஞ்சுவது என்று தெரியாமல் திண்டாடுவார்.

'கிருமியின்மை' எளிமையானது, எனக்கும் பிடித்தது. ஆனால் இங்கே 'கிருமியின்மை உறுதியின்மை' என்று இன்மை இரண்டு முறை வந்து நாக்கு தடுக்குகிறது. அதனால் மாசறு, குறைவறு என்ற வடிவத்தில் 'கிருமியறு நிலை' என்று வைத்துக்கொள்ளலாம். கிருமியறு உறை, கிருமியறு அங்கி என்று அடைமொழியாகவும் நன்றாக ஓடுகிறது. உறுதி சொல்ல முடியாத நிலை 'கிருமியறு உறுதிக்குறை'. கிருமி இருப்பதே தெரிந்துவிட்டால் 'கிருமிக்கலப்பு'. இலக்கணப்படி 'கிருமியறுறுதி' என்று சேர்த்து எழுதலாம்தான், ஆனால் படிக்கவே முடியாது. பிரித்தே எழுதுவோம்.

ரீகாலுக்கு 'திரும்பப் பெறுதல்' நாளிதழ்களில் வேரூன்றிவிட்டது. ஈழத்து நண்பர்கள் 'மீளப்பெறல்' என்கிறார்கள். இரண்டிலும் பொருள் கைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். உடலுக்குள் பொருத்திவிட்ட இம்ப்ளாண்டை யார் திரும்பப் பெறுவது? அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் வரையறையில் இருக்கும் இடத்திலேயே சரிசெய்வதும் ரீகால்தான். அதனால் 'மீளழைப்பு' என்கிறேன். மக்கள் பிரதிநிதிகளைப் பதவியிலிருந்து திரும்ப அழைப்பதற்கும் இதே சொல் வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரட்டும், இடம் பார்த்துப் பொருள் புரிந்துவிடும்.

ஆக, தலைப்பில் 'கிருமியறு உறுதிக்குறை மீளழைப்பு'. செய்தியில் "கிருமியறு நிலைக்கு உறுதி இல்லாததால் மீளழைக்கப்படுகிறது". அரங்கில் செவிலியர்கள் "ஸ்டெரைல்" என்றே சொல்லட்டும், அதை மாற்றச் சொல்லவில்லை. நோயாளியின் கைக்கு வரும் தாளில் மட்டும் இந்த வேறுபாடு தெளிவாக இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் வேலை செய்யும் உறுப்பினர்கள், தங்களுக்கு வந்த மீளழைப்பு அறிவிப்பு ஒன்றை எடுத்து, இந்தச் சொற்களைப் போட்டுத் தமிழில் எழுதிப் பார்த்து இங்கே இடுங்கள். எங்கே இடிக்கிறது என்று பார்த்துத் திருத்துவோம்.