கோழி காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது, விரல் வீங்கியிருக்கிறது – அவசரம்

கொல்லைக்கோழி (இரவு 8:12)
வணக்கம். எங்கள் கோழி நேற்றிலிருந்து நொண்டுகிறது. இன்று காலைக் கீழேயே வைக்கவில்லை, விரல் நன்றாக வீங்கிவிட்டது. என்ன மருந்து போடலாம்? வீட்டில் பெட்டாடின், மஞ்சள்தூள் இருக்கிறது. பாப்பாவின் கோழி அது, அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சிறுவிடை (8:19)
எந்த விரல்? சேவலா, பெட்டையா? எத்தனை மாதம்? அடிப்பாதத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா, கறுப்பாகப் பொருக்கு ஏதாவது இருக்கிறதா? இரவில் எங்கே அடைகிறது, எவ்வளவு உயரம்? வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

பெருவிடைப் பண்ணை (8:24)
இது கால் ஆணிதான், சந்தேகமே வேண்டாம். உயரமான பரணிலிருந்து சிமெண்டுத் தரையில் குதித்தால் அடிப்பாதம் கீறும், அதில் கிருமி ஏறும். என் பெருவிடைச் சேவல்களுக்கு எடை அதிகம் என்பதால் அடிக்கடி வரும். கோழிக்குச் சீழ் தண்ணீராக ஒழுகாது, உள்ளேயே கெட்டியாக உறைந்துவிடும். அதனால் பிதுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள், கிருமியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளுவதுதான் மிச்சம். வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்பு போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊற வையுங்கள். பொருக்கு இளகும்.

கொல்லைக்கோழி (8:31)
பெட்டை. நாட்டுக்கோழி, 7 மாதம். தீனி எடுக்கிறது. கால் முழுக்கச் சேறு, ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் பத்து போட்டுவிடட்டுமா?

பழைய கை (8:40)
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. பழைய உரையாடல் இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்பதுதான் முறை. இளவயதுப் பெட்டை, நொண்டல், தீனி எடுக்கிறது. மாரெக்ஸ் என்ற வைரஸ் நோய் என்று தோன்ற வேண்டாமா? குஞ்சு பொரித்த முதல் நாளே அதற்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போட்டீர்களா? இல்லையென்றால் எந்தப் பத்தும் வேலை செய்யாது. அடிப்படை தெரியாமல் கோழி வாங்குகிறவர்களால் வரும் தொல்லை இது.

சிறுவிடை (8:47)
ஐயா, மாரெக்ஸில் நரம்பு பாதிக்கும், அதனால் கால் வலுவிழக்கும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்துவிடும். ஒரு விரல் மட்டும் வீங்குவது அந்த நோயின் அடையாளம் இல்லை. அவர் முதலிலேயே விரல் வீக்கம் என்றுதான் எழுதியிருக்கிறார்.

பழைய கை (8:51)
நீங்கள் வளர்க்க ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே நான் கோழி வளர்க்கிறேன். வீக்கம் என்று அவர் சொல்கிறார், பார்த்தது யார்?

மாடிக்கூண்டு (8:55)
என் குஞ்சுகளுக்கு விரல் சுருண்டது, பி2 வைட்டமின் குறைவு என்றார்கள். தண்ணீரில் வைட்டமின் டானிக் கலந்து கொடுத்துப் பாருங்கள்.

சிறுவிடை (8:58)
அது குஞ்சுகளுக்கு. இது 7 மாதக் கோழி, அதுவும் ஒரு விரல்.

கீழக்காட்டார் (9:03)
பாவம், வலியிலேயே கிடக்கும். மனிதர்களுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மாத்திரையில் கால்வாசி பொடித்துத் தண்ணீரில் கொடுங்கள். காலையில் நடக்கும்.

மோயாறு (9:06)
தயவுசெய்து கொடுக்காதீர்கள்! டைக்ளோஃபெனாக் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாறுக் கழுகுகள் இந்தியா முழுக்க அழிந்ததே இந்த மருந்தால்தான். மருந்து ஏறிய மாடு செத்துக் கிடக்கும், அதைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் நின்று, உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்துவிடும். 2006-இலேயே கால்நடைகளுக்கு இதைத் தடை செய்துவிட்டார்கள்.

கீழக்காட்டார் (9:10)
எங்கள் பக்கம் எல்லோரும் கொடுக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. செத்த மாட்டைத் தின்ற கழுகுக்கும் வீட்டுக் கோழிக்கும் என்ன சம்பந்தம்?

மோயாறு (9:16)
பறவையின் உடம்புதான் சம்பந்தம். கோழிக்குக் கொடுத்துச் சோதித்தபோதும் சிறுநீரகம்தான் கெட்டது. கழுகைப் போல மிகக் கொஞ்சம் மருந்திலேயே கோழி சாகாது, அவ்வளவுதான் வித்தியாசம். கால்வாசி மாத்திரை என்று கண்ணால் பார்த்துக் கிள்ளிக் கொடுத்தால் ஒன்றரைக் கிலோக் கோழிக்கு அது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, கழுகுக்கும் அது பாதுகாப்பு. ஆனால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். 2023-இல் கீட்டோபுரோஃபெனையும் அசெக்ளோஃபெனாக்கையும் கால்நடைகளுக்குத் தடை செய்ததும் இதே காரணத்துக்காகத்தான். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளைப் பார்க்கிறவன் என்பதால் இதை விட முடியவில்லை.

பெருவிடைப் பண்ணை (9:20)
கழுகுக்குத் தனி இழை போடலாமே. இங்கே ஒரு பிள்ளை கோழியோடு உட்கார்ந்திருக்கிறது.

வேப்பமரத்தடி (9:24)
தம்பி கொல்லைக்கோழி, மஞ்சள் பத்து இப்போது வேண்டாம். அதைப் பூசினால் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போகும். முதலில் கழுவுங்கள். வீக்கம் விரல் முழுக்கவா, நுனிப் பக்கம் மட்டுமா? நுனி மட்டும் என்றால் நூலைத் தேடுங்கள். தீவனச் சாக்கைப் பிரிக்கும்போது உதிரும் நைலான் இழை, தலைமுடி, மாஞ்சா நூல் எதுவானாலும் விரலில் சுற்றிக்கொள்ளும். நடக்க நடக்க இறுகும். மேலே தோல் வீங்கி மூடிவிடும், அதற்கு மேல் சேறும் எச்சமும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பள்ளக் கோடு மட்டும்தான் தெரியும்.

கோழியை ஒரு துண்டில் சுற்றி, கண்ணை மூடினாற்போல் மடியில் வையுங்கள், அடங்கிவிடும். காலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துச் சேற்றைக் கரையுங்கள். ஒருவர் டார்ச் பிடிக்கட்டும். நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும். நகம் வெட்டும் சிறிய கத்தரியின் முனையைப் பக்கவாட்டில் நுழைத்து ஒரு சுற்றை வெட்டுங்கள். பல சுற்று இருக்கும், எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒரு இழை மிஞ்சினாலும் மறுபடி இறுக்கும். உள்ளே ஆழமாகப் புதைந்திருந்தால் வீட்டில் கைவைக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு பெட்டாடினைத் தண்ணீரில் வெளிர் டீ நிறத்துக்குக் கரைத்துக் கழுவினால் போதும். முக்கியமாக, மற்ற கோழிகளோடு விடாதீர்கள். சிவப்பைப் பார்த்தால் கொத்தியே விரலை முடித்துவிடும்.

பழைய கை (9:33)
நூல் என்பது ஊகம். ஊசி போட்டீர்களா என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

வேப்பமரத்தடி (9:36)
ஊகம்தான் ஐயா. கழுவிப் பார்ப்பதால் கோழிக்கு நஷ்டம் எதுவும் இல்லையே.

கீழக்காட்டார் (9:41)
மோயாறு சொல்வது சரி என்றால் மருந்துக்கடையில் ஏன் கேட்டவுடன் கொடுக்கிறார்கள்?

மோயாறு (9:45)
மனிதர்களுக்குத் தடை இல்லை, அதனால்தான். பெரிய புட்டியில் விற்ற ஊசி மருந்து மாட்டுக்குப் போகிறது என்றுதான் 2015-இல் மனிதர்களுக்கான புட்டியையே 3 மில்லி அளவுக்குச் சுருக்கினார்கள். கடையில் கிடைப்பதால் கோழிக்கு ஆகும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா.

மாடிக்கூண்டு (10:02)
கொல்லைக்கோழி, இருக்கிறீர்களா? என்ன ஆயிற்று?

சிறுவிடை (10:30)
கழுவிப் பார்த்தீர்களா? இரவு எப்படி இருந்தாலும் காலையில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். தூரம் என்றால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்துக் கேட்டுப் பாருங்கள்.

கொல்லைக்கோழி (மறுநாள் பிற்பகல் 3:15)
நூல்தான். நடுவிரலில் சாக்கு இழை. இரவே வெட்டி எடுத்துவிட்டோம். வீக்கம் குறைந்திருக்கிறது, நுனி மட்டும் கறுப்பாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி, வேப்பமரத்தடி அம்மாவுக்கு ரொம்ப நன்றி.

வேப்பமரத்தடி (3:28)
நல்லது தம்பி. நுனி தொட்டால் சில்லென்று இருக்கிறதா, சூடு இருக்கிறதா? கறுப்பு மேலே ஏறுகிறதா? சில்லென்று காய்ந்துபோனால் அந்தத் துண்டு தானாக உதிரும், வெட்டப் போகாதீர்கள். நகத்துண்டு போனாலும் கோழி நன்றாகவே நடக்கும். நாற்றம் அடித்தாலோ, சிவப்பு கால் மேலே ஏறினாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். காய்ந்த வைக்கோல் போட்டுத் தனியாக வையுங்கள். ஆன்டிபயாடிக் எழுதினால் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், பாப்பா சாப்பிடும் முட்டை. கொல்லையில் கிடக்கும் சாக்கு இழையையெல்லாம் பொறுக்கிவிடுங்கள், மற்ற கோழிகளின் காலையும் ஒருமுறை பாருங்கள்.

பெருவிடைப் பண்ணை (3:40)
ஆணி இல்லை என்பதில் மகிழ்ச்சி. இருந்தாலும் பரண் உயரத்தைக் குறையுங்கள், முழங்கால் அளவு போதும்.

பழைய கை (4:05)
அடுத்த குஞ்சுகளுக்காவது ஊசி போடுங்கள்.

மாடிக்கூண்டு (7:50)
கொல்லைக்கோழி, நுனி எப்படி இருக்கிறது? படம் போட முடியுமா?

புதுக்கூடு (3 நாள் கழித்து)
இங்கேயே கேட்கிறேன். என் சேவலுக்கு இரண்டு காலிலும் செதில் தூக்கிக்கொண்டு வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போல் இருக்கிறது. இதுவும் நூலா?

சிறுவிடை
இல்லை, அது செதிலுக்கு அடியில் புகும் உண்ணி, மற்ற கோழிகளுக்கும் பரவும். தனி இழை தொடங்குங்கள். வயது, எத்தனை கோழி, எங்கே அடைகின்றன, எல்லாம் எழுதி, படத்தோடு போடுங்கள்.