மறு: பழைய படத் தட்டின் குறைகளுக்குத் தமிழ்ச் சொற்கள் – வடு, பிழை, பழுது

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை ஒன்றாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். தொடங்கிவைத்த நண்பரின் கேள்வியிலிருந்தே போகலாம்.

> சத்யஜித் ராயின் அபு முப்படங்கள் (பதேர் பாஞ்சாலி, அபராஜிதோ, அபூர் சன்சார்) அடங்கிய பிளூ-ரே பெட்டி புதிதாக வாங்கினேன். பதேர் பாஞ்சாலியில் ஒரு ஷாட் பளிச்சென்று இருக்கிறது, அடுத்ததே மங்கிவிடுகிறது. அங்கங்கே நெட்டுக்கோடு ஓடுகிறது. அபராஜிதோ ஓரிடத்தில் உறைந்து கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. விற்றவருக்குப் புகார் எழுத வேண்டும். 'வட்டுப் பிழை' என்று பொதுவாக எழுதினால் போதுமா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் ஒரே இடத்தில் உண்டானவை அல்ல. பதேர் பாஞ்சாலியின் மங்கலும் கோடும் ஃபிலிமில் இருப்பவை, எத்தனை தட்டு மாற்றினாலும் போகாது. அபராஜிதோ உறைவது உங்கள் கையில் உள்ள அந்த ஒரு தட்டில் இருப்பதாகத் தெரிகிறது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் விற்றவருக்கு எதை மாற்றித் தருவது என்றே புரியாது. தியேட்டர் காலத்திலிருந்து நமக்கு 'பிரிண்ட் சரியில்லை' என்று சொல்லியே பழக்கம். அங்கே ஓடியது பிரிண்ட்தான், சொல் பொருந்தியது. தட்டு விஷயத்தில் ஃபிலிம் ஒன்று, அதை எண்ணிமமாக்கி (டிஜிட்டலாக்கி)த் தட்டுக்காகக் கோக்கும் வேலை ஒன்று, கடைசியில் வார்த்தெடுக்கும் தட்டு ஒன்று என மூன்று கட்டங்கள். கெடுதல் எந்தக் கட்டத்திலும் நுழையலாம்.

இந்த மூன்றுக்கும் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. காலமோ நெருப்போ பூஞ்சையோ ஃபிலிமில் விட்டுப்போனது வடு. ஆள் செய்த தவறு பிழை. பொருள் கெட்டால் பழுது. வண்டி பழுதாகி நிற்கிறது என்போம், பிழையாகி நிற்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். எழுத்தில் வருவது பிழை, பழுது அல்ல. பேச்சிலேயே உள்ள இந்தப் பிரிவைக் கலைச்சொல்லுக்குக் கொண்டுவந்தால் போதும். மூலவடு, ஆக்கப்பிழை, வட்டுப்பழுது என்று முன்மொழிகிறேன் (வட்டு என்பது இங்கே தட்டுதான்).

மூலவடு என்ற சொல் ஏன் வேண்டும் என்பதற்கு நண்பர் வாங்கிய பெட்டியைவிட நல்ல சான்று கிடைக்காது. சத்யஜித் ராயின் படங்களைச் செப்பனிடுவதற்காக அவற்றின் மூல நெகட்டிவ்கள் லண்டனுக்குப் போயிருந்தன. 1993இல் தென்லண்டனில் ஹெண்டர்சன்ஸ் ஃபிலிம் லேபரட்டரியில் தீப்பிடித்தது. அபு முப்படங்களின் நெகட்டிவ்களும் அதில் சிக்கின. எரிந்து மிஞ்சியதைத் தூக்கி எறியாமல் அமெரிக்காவில் ஆஸ்கர் விருது தரும் அகாடமியின் ஆவணக்காப்பகம் பத்திரப்படுத்தியது. பழைய படங்களைத் தட்டாக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனமும் அகாடமியும் சேர்ந்து அந்தச் சுருள்களை இத்தாலியின் பொலோன்யா நகரில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற படம் செப்பனிடும் கூடத்தில் கொடுத்தன. காய்ந்து முறுகிய ஃபிலிமுக்கு முதலில் ஈரப்பதம் ஏற்றி வளைய வைத்தார்கள். உருகி ஒட்டிய டேப்பையும் பசையையும் கையால் அகற்றினார்கள். ஓரத்துத் துளைகளைப் புதிதாகக் கட்டினார்கள். இவ்வளவுக்கும் பிறகு பதேர் பாஞ்சாலியில் 40 சதவீதமும் அபராஜிதோவில் 60 சதவீதத்துக்குச் சற்று மேலும்தான் மூல நெகட்டிவிலிருந்து எடுக்க முடிந்தது. மீதி, பிற்பாடு எடுத்த நகல் நெகட்டிவ்களிலிருந்தும் பிரதிகளிலிருந்தும் வந்தது. அபூர் சன்சாரில் தப்பிய இரண்டு சுருள்களும் உதவாத நிலையில் இருந்ததால் அந்தப் படம் முழுக்கவே நகலிலிருந்து செப்பனிடப்பட்டது.

ஆகவே ஒரு ஷாட் பளிச்சென்றும் அடுத்தது மங்கியும் இருந்தால், முதலாவது தீயிலிருந்து தப்பிய துண்டாக இருக்கலாம், அடுத்தது நகலாக இருக்கலாம். அதைப் போய் 'டிஃபெக்ட்' என்று திருப்பி அனுப்புவதை நினைத்தாலே எனக்கு மனசு கேட்கவில்லை. இதற்கு ஒரு தனிச் சொல் நம்மிடம் புழங்கினால், வாங்கியவரே 'இது மூலவடு' என்று அடையாளம் கண்டு படத்தைத் தொடர்ந்து பார்ப்பார்.

> மூலவடு எது, வட்டுப்பழுது எது என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? சொல் மட்டும் போதாதே.

சரியான கேள்வி. படத்தை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். தட்டில் படம் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்கப்பட்டிருக்கிறது. டிவிடி ஆனாலும் பிளூ-ரே ஆனாலும் 16க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்கள்தான் அடிப்படை. பிளேயரால் தரவைப் படிக்க முடியாதபோது கெடுவது அந்தக் கட்டங்கள். படம் சதுரம் சதுரமாக உடையும், உறையும், ஒலி விட்டுவிட்டு வரும், அல்லது ஒரேயடியாக அடுத்த இடத்துக்குக் குதிக்கும். மயிரிழை போன்ற நெட்டுக்கோட்டைப் போட வட்டுப்பழுதால் முடியவே முடியாது. ஃபிலிம் கருவிக்குள் மேலிருந்து கீழாக ஓடியதால், இடையில் சிக்கிய தூசி நெட்டாகக் கீறியது. கோடு நெட்டாக இருப்பதே அது ஃபிலிமில் விழுந்தது என்பதற்குச் சாட்சி. வெள்ளைப் பொட்டு, ஒளி துடிப்பது, சட்டகம் (ஃபிரேம்) லேசாக ஆடுவது, ரீல் முடியும் தறுவாயில் வலது மேல் மூலையில் கண்சிமிட்டும் வட்டப் பொட்டு, எல்லாமே அப்படித்தான். அந்த வட்டப் பொட்டு வடுகூட இல்லை, அடுத்த புரொஜக்டருக்கு மாறச் சொல்லி ஆபரேட்டருக்காக வேண்டுமென்றே போட்டது. அதற்குச் 'சுருள்மாற்றுக் குறி' என்ற சொல்லை முன்பு ஒரு மடலில் பார்த்தேன், நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்வோம்.

மங்கல் விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். பழைய படங்களில் ஒரு காட்சி கரைந்து இன்னொன்றில் கலக்கும் இடத்தை ஆப்டிகல் முறையில் மறுபடி அச்செடுத்தார்கள். அதனால் அந்தத் துண்டு மட்டும் ஒரு தலைமுறை தள்ளிய நகல். கரைதல் தொடங்குவதற்குச் சற்று முன் படம் சொரசொரப்பாகும், முடிந்ததும் தெளியும். 1955இல் படம் வெளியான அன்றே அது அப்படித்தான் இருந்தது. சேதம் ஏதும் இல்லாததால் வடு என்பது இங்கே பொருந்தாது. 'நகல்மங்கல்' என்று தனியாக வைக்கலாமா என்று யோசிக்கிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

கட்டம் உடைவதாக இருந்தால், பிளேயரில் காட்டும் நேரத்தைக் குறித்துக்கொண்டு பின்னுக்குப் போய் மறுபடி ஓட்டுங்கள். வேறு இடத்தில் உடைந்தால் பிளேயர் மேல் சந்தேகப்படலாம். அதே நொடியில் உடைந்தால் தட்டைத் துடையுங்கள். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றி அல்ல. தரவு சுழல்பாதையில் இருக்கிறது. பாதையைக் குறுக்கே வெட்டும் கீறலை பிளேயரின் பிழைதிருத்தம் சமாளிக்கும், பாதையோடு ஓடும் கீறல் தொடர்ச்சியாகத் தரவை அழித்துவிடும். அப்புறம் வேறொரு பிளேயரில் போடுங்கள். அங்கேயும் அதே நொடி என்றால் பிளேயர் குற்றவாளி அல்ல. மீதி இருப்பது வட்டுப்பழுதா, ஆக்கப்பிழையா என்பதுதான். அதைத் தீர்க்க அதே வெளியீட்டின் இன்னொரு பிரதி வேண்டும். இந்தக் குழுவில் யாரிடமாவது இருக்கும், நேரத்தை மட்டும் சொல்லிக் கேட்டால் போட்டுப் பார்த்துச் சொல்வார்கள்.

ஆக்கப்பிழை என்பது எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில் வரும். 2002இல் வந்த 'பேக் டு த ஃப்யூச்சர்' டிவிடி பெட்டியில் 2, 3 பாகங்களில் சில ஷாட்டுகளின் சட்டகம் தவறாக வெட்டப்பட்டிருந்தது. கடையில் பெட்டியை மாற்றினாலும் அதே தவறுதான் வரும். திருத்திய தட்டுகளை யுனிவர்சல் நிறுவனம் தனியாக வெளியிட்டு 'வி2' என்று அடையாளமிட்டது. ஆகவே ஆக்கப்பிழை என்றால் புகார் போக வேண்டிய இடம் கடை அல்ல, வெளியீட்டாளர்.

> ஃபிலிமின் குறுமணியை (கிரெய்ன்) கணினியில் தேய்த்து எடுத்து முகங்களை மெழுகுபோல் ஆக்கிவிடுகிறார்களே, வேண்டுமென்றே செய்வதைப் பிழை என்று எப்படிச் சொல்வது?

நல்லெண்ணத்தோடு செய்தாலும் பிழை பிழைதான். குறுமணிதான் ஃபிலிமில் படமாக நிற்பது. அதைத் தேய்த்தால் துணியின் நெசவும் தோலின் சுருக்கமும் கூடவே போகும். 'மணித்தேய்ப்பு' என்று பெயர் வைத்து ஆக்கப்பிழையின் கீழ் சேர்க்கலாம்.

> வடு என்றதும் மாவடுதான் நினைவுக்கு வருகிறது. 'பிறவிக்குறை' எளிதல்லவா?

மாவடு எனக்கும் பிடிக்கும், ஆனால் இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தமிழருக்குத் தெரியும். பிறவிக்குறை வேண்டாம். மனிதரைப் புண்படுத்தும் சொல்லாக அது ஆகிவிட்டது, பொருளும் தவறு. பதேர் பாஞ்சாலி பிறக்கும்போது குறையோடு பிறக்கவில்லை. பிறகு பட்டது. புண்ணும் வடுவும் வேறு என்பதைக் குறள் படித்த பிள்ளைகள்கூட அறிவார்கள்.

> வடுவும் வட்டும் குழம்பும். வீடு வீட்டு ஆவதுபோல் வடு வட்டு ஆகாதா?

ஆகாது. வடுவில் தனிக்குறிலை அடுத்து உகரம் வருவதால் அது முற்றியலுகரம். டகரம் இரட்டிக்காது. வடுவை, வடுவின், வடுவால் என்றுதான் வரும். வட்டு என்பதோ வட்டை, வட்டின் என்று போகும். எழுத்தில் குழப்பமில்லை. பேச்சில் தமிழ்நாட்டில் குறுந்தகடு, இலங்கையில் இறுவட்டு, இரண்டு இடத்திலும் சிடி, டிவிடி என்று சொல்லிக்கொள்ளட்டும்.

> தட்டில் வரும் குறைக்கு 'அச்சுப்பிழை' போதாதா? ஆங்கிலத்தில் அழுத்துவது என்றுதானே சொல்கிறார்கள்?

அச்சுப்பிழை புத்தகத்துக்குச் சொந்தமான சொல், அதைப் பிடுங்க வேண்டாம். தவிர, தட்டை உண்மையில் வார்க்கிறார்கள். உருகிய பாலிகார்பனேட்டை அச்சுக்குள் செலுத்தி ஆறவைத்து எடுத்து, மேலே பிரதிபலிக்கும் படலம் பூசுகிறார்கள். டிவிடி என்றால் 0.6 மில்லிமீட்டர் தட்டுகள் இரண்டைப் பசையிட்டு ஒட்டுகிறார்கள். ஆலையிலேயே வந்த கோளாறை 'வார்ப்புப் பழுது' என்று குறிக்கலாம், வட்டுப்பழுதின் ஒரு வகையாக.

> 'வட்டழுகல்' என்று நான் எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டேன். அழுகுவது உயிர்ப்பொருள். நாள்பட்ட தட்டுக்குள் நடப்பது பெரும்பாலும் உலோகப் படலம் காற்றோடு வினைபுரிந்து கெடுவது. பள்ளிப் பாடநூலில் அரிமானம் என்று இருக்கிறது. வட்டரிமானம் சொல்ல நீளம், 'வட்டரிப்பு' வாயில் நிற்கும். புதுத் தட்டு வாங்குகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2006 முதல் 2008 வரை தயாரான சில டிவிடிகளில் சிக்கல் இருப்பதை வார்னர் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. பழைய இருப்பிலிருந்து சீல் உடைக்காமல் வாங்கினாலும் உள்ளே கெட்டுப்போயிருக்கலாம். குழல்விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பான பக்கத்தில் பால் படிந்ததுபோல் மூட்டம் இருந்து, துடைத்தும் போகவில்லை என்றால் சந்தேகப்படலாம். தட்டு ஓடினாலும் கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள்.

குறையே இல்லாதவை சில. 'அடுக்குத் தாவல்' என்று ஒருவர் சொன்னது டிவிடியில் படத்தின் நடுவில் ஒரு கணம் நின்று போவதை. இரண்டு அடுக்காகத் தரவு பதிந்த டிவிடியில், முதல் அடுக்கைப் படித்து முடித்த லேசர் இரண்டாம் அடுக்குக்கு மாறும் நேரம் அது. கட்டம் உடையாது, ஒரே ஒருமுறைதான் வரும். பிளூ-ரேயில் பெரும்பாலும் தெரியாது. 'தாவல்' என்ற சொல் இணைய உலாவியில் 'டேப்' என்பதற்கு ஏற்கெனவே வழங்குவதால் 'அடுக்குமாற்றம்' போதும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வருவதும் சரிதான், படம் எடுத்த அகலம் அவ்வளவு. பழைய 'பால்' (PAL என்ற தொலைக்காட்சி முறை) டிவிடியில் 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிவதைப் பார்த்து வெட்டிவிட்டார்கள் என்று ஒருவர் கொதித்திருந்தார். நொடிக்கு 24 சட்டகத்தை 25ஆக ஓட்டியதால் வந்த வேறுபாடு அது, காட்சி எதுவும் போகவில்லை. இதற்கு 'பால் முடுக்கம்' என்று எழுதலாம். பிளூ-ரேக்கு உலகை ஏ, பி, சி என்று விற்பனை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; அமெரிக்காவிலிருந்து வந்த ஏ மண்டலத் தட்டு சி மண்டலமான இந்தியாவில் வாங்கிய பிளேயரில் ஓட மறுப்பதும் பழுது கணக்கில் வராது.

விக்சனரியில் ஏற்றுவதற்கு மூலவடு, ஆக்கப்பிழை, வட்டுப்பழுது, வட்டரிப்பு ஆகிய நான்கும் தயார் என்று நினைக்கிறேன். நகல்மங்கல், மணித்தேய்ப்பு இரண்டுக்கும் இன்னும் கருத்து வேண்டும்.

இழையைத் தொடங்கிய நண்பருக்கு: பதேர் பாஞ்சாலி தட்டைத் திருப்பாதீர்கள். அபராஜிதோ உறையும் நிமிடத்தையும் நொடியையும் இங்கே எழுதுங்கள். அந்தப் பெட்டி என்னிடமும் இருக்கிறது, அதே இடத்தைப் போட்டுப் பார்க்கிறேன். என் தட்டில் நன்றாக ஓடினால், 'வட்டுப்பழுது, இத்தனையாவது நிமிடத்தில் உறைகிறது, இரண்டு பிளேயரில் சோதித்தேன்' என்று எழுதி அந்த ஒரு தட்டை மட்டும் மாற்றிக் கேளுங்கள்.